குடில் படங்கள் இந்தப் பக்கம்

மூஸ் லேண்டிங் என்கிற ஏரிக்கரை ஊரில் கலை மன்றம் ஏற்படுவதற்கு முன்பு, ஒருவர் என்ன மாதிரி வரைகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் அவருடைய படத்தைப் பார்த்தார்கள். இது எவ்வளவு பின்தங்கிய வழக்கம் என்பது மன்றம் வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் ஊருக்கு உறைத்தது.

வெர்னா ஹெய்னோ மீன்பிடிக் குடில்களை வரைகிறவள். பள்ளிச் சமையலறையில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டு ஓய்வு பெற்றவள். டிசம்பரில் ஏரி உறைந்து கெட்டியானதும் ஊரில் பாதிப்பேர் ஆளுக்கொரு மரக்குடிலை வண்டியில் கட்டி இழுத்துப்போய்ப் பனிக்கட்டிமேல் நிறுத்துவார்கள். உள்ளே அடுப்பை மூட்டி, பனியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, மனைவியின் தொந்தரவில்லாமல் மார்ச் வரை உட்கார்ந்திருப்பார்கள். வெர்னா ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டைகளை மாட்டிக்கொண்டு வெளியே நின்று அதை வரைவாள்.

ஒரே ஒரு குடிலில் மட்டும் மனைவியும் இருப்பாள். ஏரிக்கு அக்கரையில் வசிக்கும் ஆர்வின் என்கிற முன்னாள் பஸ் டிரைவரின் குடில் அது. அவர் உள்ளே தூண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, லொரெய்ன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பாள். வெர்னாவின் விரல்கள் விறைத்துப்போகாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் காபிதான். போன வசந்தத்தில் லொரெய்ன் இறந்துபோனாள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வரைந்த படத்தில், பச்சைக் கதவு திறந்து கிடக்க, அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் படம் இருப்பதே ஆர்வினுக்குத் தெரியாது.

வெர்னா அக்கரையில் இருக்கும் தூண்டில் கடையில் சொல்லி வைத்தாள். "ஆர்வின் வந்தா சொல்லுங்க. அக்டோபர்ல ஒருநாள் எங்க ஸ்டுடியோ எல்லாத்தையும் ஜனங்களுக்குத் திறந்து விடுவாங்க. லொரெய்ன் படம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. வந்து பாக்கட்டும், பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போகட்டும்." வருவதாகப் பதில் வந்தது. அந்த வருஷம் வெர்னாவுக்கு அதைத் தவிர வேறு ஆசை எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் மன்றம் உள்ளே நுழைந்தது.

வெர்னா வரைந்தது பழைய பள்ளிக்கூடத்து மாடியில், முன்பு நாலாம் வகுப்பு நடந்த அறையில். கட்டடம் மன்றத்துடையது. அறையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. நாள் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் வரும். படம் வரைகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அந்த ஜன்னலுக்காகவே அவள் மன்றம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வந்தாள். இப்போது மன்றம் சொன்னது இது: கட்டடத்திலுள்ள கலைஞர்கள் ஒவ்வொருவரும் தம் பாணியைத் தாமே விவரித்துத் தர வேண்டும். அப்போதுதான் பார்வையாளர்கள் அவர்களை எளிதில் கண்டடைவார்கள். எந்தக் கலைஞரை யாரும் கண்டடையவில்லையோ அவர் அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

வெர்னா ஒரு தாளை எடுத்து, "மீன்பிடிக் குடில்களை வரைகிறேன். பெரும்பாலும் பிப்ரவரியில்" என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாளே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "இதில் தகவல் மட்டுமே உள்ளது, பாணி இல்லை" என்று எழுதியிருந்தது.

இப்படித் தகவல் மட்டுமே கொடுத்த குற்றவாளிகளைத் திருத்துவதற்காகப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. மன்றத்தின் இயக்குநர் பிரெஸ்காட் லண்ட் பேசினார். சிகாகோவிலிருந்து வந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை; ஆகஸ்ட் வெயிலில்கூட அதை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை.

"நண்பர்களே," என்றார் லண்ட். "மக்களையும் கலையையும் நெருங்க வைக்கிறதுதான் நம்ம வேலை. ஆனா நெருங்கணும்னா முதல்ல நடுவுல ஒரு தூரம் இருக்கணும் இல்லையா? இந்த ஊர்ல அந்தத் தூரமே இல்ல. நேரா வர்றாங்க, படத்தைப் பாக்கறாங்க, புரிஞ்சுக்கறாங்க, வீட்டுக்குப் போயிடறாங்க. அப்புறம் மன்றம் எதுக்கு? என்னையே எடுத்துக்கங்க. நான் தூரிகையைத் தொட்டுப் பல வருஷமாச்சு. ஆனா என்னோட பாணி விளக்கத்தை மூணு நாட்டுல மேடையேறி வாசிச்சிருக்கேன். வரையறது தடங்கலா இருந்துச்சு, விட்டுட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். அந்த ஊரில் ஒன்று புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு.

பக்கத்து நாற்காலியில் டுவேன் இருந்தான். வெர்னாவின் அடுத்த அறைக்காரன். மண் பாண்டம் செய்கிறவன். அவன் குனிந்து கிசுகிசுத்தான். "நான் காபி கோப்பை பண்றேன், அதுல காபி ஊத்தலாம்னு எழுதினேன். அது 'பயன்பாட்டு வெறி'யாம்."

"இப்ப என்ன எழுதப் போறே?"

"'வெறுமையைச் சுவர் எழுப்பிக் கைது செய்கிறேன்.' மேடலின்தான் எழுதிக் குடுத்தா. கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் இவ்ளோ நாள் அந்த மாதிரி வேலையா பண்ணிட்டிருந்தேன்னு எனக்கே ஆச்சரியமாயிடுச்சு."

மேடலின் மன்றத்தின் பாணி ஒருங்கிணைப்பாளர். தாமாக எழுத முடியாதவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, அவர்களுடைய பாணியை அவர்களிடமிருந்து வெளியே எடுப்பது அவள் உத்தியோகம். வெர்னாவின் முறை வந்தது. மேடலின் லொரெய்ன் படத்தின்முன் போய் நின்றாள்.

"இந்தக் குடில் எதை மறைக்குது வெர்னா?"

"ஆர்வினை."

மேடலின் கண்கள் பளிச்சிட்டன. "ஆர்வின். அது ஒரு குறியீடா?"

"பஸ் டிரைவர்."

"அதாவது, மனுஷங்களை ஒரு நிலையிலேர்ந்து இன்னொரு நிலைக்குக் கொண்டு போறவர்."

"ஆமா. டலூத் வரைக்கும்."

"வாசல்ல இருக்கிற இந்த அம்மா?"

"அது லொரெய்ன். அவர் சம்சாரம். போன வசந்தத்துல தவறிட்டாங்க."

"அற்புதம்," என்று எழுதிக்கொண்டாள் மேடலின். வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, காதுதான் இல்லை என்று நினைத்துச் சமாதானப்பட்டாள்.

ஒரு வாரத்தில் வெர்னாவின் பாணி தயாராகி வந்தது. "இருப்புக்கும் இன்மைக்கும் இடைப்பட்ட தற்காலிகத் திடத்தின்மீது, தங்குதல் எனும் வினையை இடையறாது விசாரிக்கிறேன்." வெர்னா அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் வாசித்துப் பார்த்தாள்.

"இதுல குடிலைக் காணோமே?" என்றாள்.

"உள்ளே இருக்கு," என்றாள் மேடலின்.

"வெளியிலேர்ந்து பாத்தா தெரியலையே. ஜனங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"சரியான ஜனங்க கண்டுபிடிப்பாங்க வெர்னா."

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. விளக்கத்துக்குப் படங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு குழு வந்தது. டுவேனின் அறையில் அவர்கள் கோப்பைகளைக் கையிலெடுத்துத் தட்டிப் பார்த்து வருத்தப்பட்டார்கள். கைது செய்யப்பட்ட வெறுமைக்குள் யாராவது காபி ஊற்றிவிட்டால் அது வெறுமையாக இருக்காதே என்பது அவர்கள் கவலை. அவர்கள் யோசனைப்படி டுவேன் எல்லாக் கோப்பைக்கும் அடிப்பாகத்தை அறுத்து எடுத்தான். இப்போது எதையும் ஊற்ற முடியாது. குழுவுக்குப் பரம திருப்தி.

வெர்னாவின் அறையில் அவர்கள் வெகுநேரம் நின்றார்கள்.

"குடில் ரொம்பத் தெரியுது," என்றார் லண்ட் கடைசியில்.

"குடிலைத்தானே வரைஞ்சிருக்கேன்."

"அதான் பிரச்சினை. உங்க விளக்கம் எவ்வளவு உயரத்துல இருக்கு! படம் அதுக்குப் பக்கத்துல நின்னு குடில், குடில்னு கத்துது. கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா?"

வெர்னாவுக்கு ஜன்னல் கண்ணில் பட்டது. ஒரு படத்தில் குடிலின் மேலே வெள்ளை வண்ணத்தைப் பூசினாள். முழுக்க மறைந்த பிறகு, "இதோ, இப்ப பேசுது," என்றார் லண்ட். அன்று முழுவதும் தன் வலது கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. லொரெய்ன் படத்தை மட்டும் அவள் தொடவிடவில்லை. அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, "இது அப்படியே இருக்கும்," என்றாள். அவள் குரலைக் கேட்டுக் குழு அடுத்த அறைக்கு நகர்ந்தது.

திறப்பு நாள் வந்தது. ஒவ்வொரு அறையிலும் பாணி விளக்கத்தைச் சுவரளவுக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். விளக்கம் சுவரை அடைத்துக்கொண்டதால் படங்களைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. வெர்னா லொரெய்னை மட்டும் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள். எலுமிச்சை ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். பகல் முழுக்க அவள் அறைக்கு வந்தது ஒரே ஒருவர். கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். கண்டடைதல் கணக்கில் அவரைச் சேர்க்க முடியாது என்று மேடலின் வருத்தத்தோடு சொன்னாள்.

ஆர்வின் வராமல் இல்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு காரை ஓட்டி வந்து, கீழே வரவேற்பு மேசையில் நின்றார். மேசையில் கிளென் என்கிற ஓய்வு பெற்ற பல் டாக்டர் தொண்டராக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தொடுதிரை.

"மீன்பிடிக் குடில் வரையற அம்மா எந்த ரூம்?"

கிளென் திரையைத் தட்டினார். "குடில்னு எதுவும் வரல சார். நீங்க தேடறது விசாரணையா, மறுப்பா, கைதா?"

"வெர்னா."

"பேரை வச்சுத் தேட முடியாது. பேர் தெரிஞ்சா முன்கூட்டியே ஒரு அபிப்பிராயம் வந்துடும்னு எடுத்துட்டாங்க."

"அவங்க என் சம்சாரத்தை வரைஞ்சிருக்காங்க."

கிளென் பாவம், நல்ல மனுஷர். திரும்பவும் தட்டிப் பார்த்தார். "சம்சாரமும் வரலியே சார்," என்றார்.

கிளென் சொல்லக் கேட்டு, இதையெல்லாம் வெர்னாவுக்குச் சாயங்காலம் வந்து சொன்னவன் டுவேன். "பஸ் கம்பெனி தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் என் ரூமுக்கு வந்தார். கோப்பையை எடுத்து அடியில கண்ணு வச்சு என்னைப் பாத்தார். 'வித்தியாசமா இருக்கு'ன்னுட்டு வச்சுட்டார். அப்புறம் வராந்தாவுல கொஞ்ச நேரம் நின்னுட்டு, எல்லா ரூமும் இப்படித்தான்னு நினைச்சாரோ என்னவோ, கீழே இறங்கிப் போயிட்டார்."

"நீ சொல்லக் கூடாதா, நான் இங்க இருக்கேன்னு?"

"உன்னைத் தேடித்தான் வந்தார்னு அப்ப எனக்கென்ன தெரியும்? எதையோ விசாரிக்க வந்தவர்னு நினைச்சேன்."

வெர்னா எலுமிச்சை ரொட்டியைத் துணியில் சுற்றினாள். ஒரு சுவருக்கு அப்பால் அந்த மனிதர் நின்றுவிட்டுப் போயிருக்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஊரார் பலரும் அன்று "வித்தியாசமா இருக்கு" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். மூஸ் லேண்டிங்கில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு கடுமையான வசவு என்று தெரியும். லண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாநில அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் அதைத் தடித்த எழுத்தில் போட்டார்.

யாராலும் கண்டடையப்படாத வெர்னாவை மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டுக் கார் ஷெட்டில் சுவரோடு சுவராகச் சாத்தி வைத்தாள். காரைத் தெருவில் விட்டாள். பிறகு அக்கரைத் தூண்டில் கடைக்குப் போன் போட்டாள்.

"ஆர்வின் மக வீட்டுக்கு ஃபார்கோ போயிருக்கான்," என்றார் கடைக்காரர். "வந்தா என்ன சொல்லட்டும்?"

"மெயின் ரோடு முனையில ஒரு அட்டை இருக்கும், அதைப் பாத்து வரச் சொல்லுங்க."

பழைய துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கறுப்பு மார்க்கரால், "குடில் படங்கள் இந்தப் பக்கம். கார் ஷெட்டில்" என்று எழுதி, கீழே ஒரு அம்புக்குறி போட்டு, முனையிலிருந்த விளக்குக் கம்பத்தில் அடித்து வைத்தாள். பழைய சாமான் விற்கிறவர்கள் சனிக்கிழமைதோறும் அப்படித்தான் செய்வார்கள். கம்பத்தில் அட்டையும் அட்டையில் அம்பும் இருந்தால் வண்டியைத் திருப்பாமல் போகிற ஆள் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பழைய டோஸ்டர் இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் படங்களைப் பார்த்து நின்றார்கள். "இது எங்க சித்தப்பா குடில்தானே? அந்தக் கோணல் புகைக்குழாயைப் பாரு," என்றார்கள். "அந்த வருஷம் கென்னி வண்டியோட ஏரிக்குள்ள போனானே, அது இங்கதான்," என்றார்கள். மறுநாள் சர்ச் முடிந்ததும் கூட்டம் நேராக அங்கே வந்தது. வெர்னா படங்களைக் கொடுக்கக் கொடுக்க ஷெட் காலியானது. லொரெய்ன் படத்தின்மேல் மட்டும் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு லண்டும் மேடலினும் வந்தார்கள். ஷெட் வரைக்கும் வரவில்லை. கம்பத்தடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். லண்ட் அட்டையின் முன்னால் சால்வையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடலின், என்ன ஒரு எளிமை! 'இந்தப் பக்கம்.' எந்தப் பக்கம்? எவ்வளவு பெரிய கேள்வி இது!"

மேடலின் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினாள். வெர்னா ஓடிவந்து, "அதை எடுக்காதீங்க, ஒருத்தர் வரணும்," என்றாள்.

"இனி ஒருத்தர் இல்ல வெர்னா, உலகமே வரும்," என்றார் லண்ட். "உங்களுக்குப் பாணி வந்துடுச்சு. அறையும் திரும்பக் கிடைச்சாச்சு."

மன்றம் சொன்னபடி அறை திரும்பக் கிடைத்தது. ஆனால் அட்டையும் மார்க்கர் மையும் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். ஆகவே வடக்கு ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டு, அந்த இடத்தில் அட்டையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மாட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த அறையிலேயே திறப்பு விழா. வெர்னாவை மேடையில் உட்கார வைத்து, சாவியைக் கையில் கொடுத்தார்கள். மற்ற கலைஞர்களும் இனிமேல் தங்கள் பாணியை அட்டையில்தான் எழுத வேண்டும் என்றும், அட்டை சலவை இயந்திரப் பெட்டியிலிருந்து கிழித்ததாக இருக்க வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. டுவேனுக்கு ஊரில் அந்த மாதிரிப் பெட்டியே கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு புது இயந்திரத்தையே வாங்கிவிட்டான்.

லண்ட் பேசினார். "இந்த அம்பு எதையும் காட்டல. காட்டுறதுன்னா என்னன்னு காட்டுது. வாழ்க்கையில ஒரு தடவைகூட நான் எந்த அம்பையும் பாத்துப் போனதில்ல. போயிருந்தா எங்கயாவது போய்ச் சேர்ந்திருப்பேன். இன்னிக்கு உங்க முன்னாடி இயக்குநரா நின்னிருக்க மாட்டேன்."

கைதட்டலுக்கு நடுவே, பஸ் கம்பெனி தொப்பி ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. ஃபார்கோவிலிருந்து திரும்பிய ஆர்வின், மெயின் ரோடு முனையில் வெறும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, யாரோ சொல்ல அட்டையைத் தேடிக்கொண்டு இங்கே வந்திருந்தார். பேழையை உற்றுப் பார்த்தார். பிறகு அம்பு காட்டிய பக்கம் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

பேழைக்குக் காவலாக நின்ற கிளெனிடம், "இந்தக் கார் ஷெட் எந்தப் பக்கம்?" என்றார்.

"சார், அந்த அம்பு போறதுக்கு இல்ல. நின்னு யோசிக்கிறதுக்கு."

"யோசிச்சாச்சு. ஷெட் எங்க இருக்கு?"

"அது இப்ப ஒரு கருத்து சார்," என்றார் கிளென், மனமில்லாமல்.

வெர்னா மேடையிலிருந்து இறங்கினாள். லண்ட் பேச்சை நிறுத்திவிட்டு, "இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?" என்று மேடலினிடம் கேட்டார். வெர்னா சாவியைப் பேழையின்மேல் வைத்தாள். அறையை ஒருமுறை பார்த்தாள். விளக்கு போட்டிருந்தும் இருட்டாகத்தான் இருந்தது.

"வாங்க ஆர்வின், நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

இருவரும் வெளியே நடக்க, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெளியேறுதல் மிகவும் நேர்த்தியாக அமைந்திருந்ததாகவும், அதற்குரிய பாணி விளக்கத்தை வெர்னா விரைவில் எழுதித் தர வேண்டும் என்றும் பிற்பாடு மேடலினிடமிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது. வெர்னா அதைச் சுருட்டித் தூரிகை துடைத்தாள்.

அன்று ஷெட்டுக்கு வந்ததும் வெர்னா கதவை மேலே தூக்கி, போர்வையை எடுத்தாள். ஆர்வின் தொப்பியைக் கழற்றினார். படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். எந்த விளக்கமும் அங்கே இல்லை.

"கதவை இவ்ளோ திறந்து வச்சிருக்க மாட்டா," என்றார் கடைசியில். "உள்ள சூடு போயிடும்னு என்னைத் திட்டிட்டே இருப்பா."

"வேணும்னா மூடிடறேன். வண்ணம் இருக்கு, அஞ்சு நிமிஷ வேலைதான்," என்றாள் வெர்னா.

ஆர்வின் மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, படத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"இருக்கட்டும்," என்றார். "சூடு போனா போகட்டும்."